வலிக்காத கால்

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் இருபது ஆண்டுகளாகப் பௌர்ணமிதோறும் கிரிவலம் போனவர். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். “கட்டுப்பாட்டுல இருக்கு சார்” என்பார். ஒரு பங்குனிப் பௌர்ணமியன்று இரவுக் கூட்டத்துக்கு அஞ்சி, பகல் பதினொரு மணிக்கே வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். பதினான்கு கிலோமீட்டரையும் நடந்து முடித்து, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். செருப்பை வாசலில் விட்டிருந்தார். முதல் வரிசைப் பையன் எழுந்து, “ஐயா, தரையில ரத்தம்” என்றான். கரும்பலகையிலிருந்து மேசை வரைக்கும் வரிசையாக வலது காலின் தடம் பதிந்திருந்தது. பாதத்தின் அடியில் ஒரு பெரிய கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. தகவல் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: “எனக்கு வலிக்கவே இல்லையே சார்.”

வலிக்கவில்லை என்பதாலேயே மருத்துவமனைக்கும் அவர் அவசரமாகப் போகவில்லை. மஞ்சள் அரைத்துப் பூசினார். துணி சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். காய்ச்சல் வந்த பிறகுதான் போனார். அதற்குள் சீழ் எலும்பு வரை இறங்கியிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. “நம்ம ஆசிரியர்களுக்காவது உதவட்டும், எழுதுங்க” என்று அவரே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியன். பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலத்தையும் நடத்துகிறேன், இன்சுலினையும் நடத்துகிறேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அவருடைய கால்தான் என்னைச் சேர்த்துப் பார்க்க வைத்தது.

நரம்பு செல்லின் படத்தைப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வரைகிறோம். உண்மையில் கால் கட்டைவிரலின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் செல்லின் உடல் முதுகுத்தண்டின் அருகில் இருக்கிறது. அதன் இழை விரல் நுனி வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத பருமனும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட செல் அது. அதற்கு உணவு கொடுப்பவை மயிரிழையைவிட மெல்லிய ரத்த நாளங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாக இருந்தால் அந்த நாளங்களின் சுவர் தடித்துப் போகிறது. நரம்புக்கு ஆக்சிஜன் குறைகிறது. நரம்புக்குள் நுழையும் அதிகப்படி சர்க்கரையும் வேறு பொருளாக மாறி உள்ளேயே தங்கிக் கெடுக்கிறது. நீளமான கம்பியில்தான் பழுது முதலில் தெரியும். அதனால்தான் உணர்விழப்பு கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மெல்ல மேலே ஏறுகிறது. சிலருக்கு முதலில் எரிச்சலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் இருக்கும். பிறகு ஒருநாள் எரிச்சல் நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று மகிழ்வார்கள். பல நேரங்களில் நின்றது எரிச்சல் அல்ல, நரம்பு.

தொடு உணர்வோடு இது முடிவதில்லை. வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்புகளும் கெடுவதால் பாதம் வறண்டு பித்தவெடிப்பு விழுகிறது. கிருமிக்கு அது திறந்த வாசல். பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் கெட்டால் விரல்கள் மடங்கி, உடலின் எடை எல்லாம் விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இறங்குகிறது. அங்கே தோல் காய்ப்புப் பிடிக்கிறது. காய்ப்பை நாம் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உணர்வில்லாத காலில் அது செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போல அடியில் உள்ள சதையை நசுக்குகிறது. மேலே காய்ப்பு, அடியில் புண். இதோடு காலுக்கு வரும் பெரிய ரத்தக்குழாயும் அடைபட்டிருந்தால் புண் ஆற வழியே இல்லை.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊரில் வேலை பார்த்தவர். டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பிராண்ட் வேலூரிலும் கரிகிரியிலும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார். விரல்களை நோய்க்கிருமி நேரடியாகத் தின்னவில்லை. நரம்பு செத்ததால் வலி தெரியாமல் போகிறது; வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறார், ஆணி குத்திய காலோடு நாள் முழுக்க நடக்கிறார். இரவில் விரலை எலி கடித்தாலும் விழிப்பதில்லை. அதற்காக நோயாளிகளைப் பூனை வளர்க்கச் சொன்னவர் அவர். இவ்வளவு எளிய மருந்துச் சீட்டை வேறு எந்த மருத்துவரும் எழுதியிருப்பாரா என்று தெரியவில்லை.

அவர் கண்ட இன்னொன்று நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்துகிறது. நல்ல கால் உள்ளவர் நெடுந்தூரம் நடக்கும்போது, தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். குதிகால் சூடேறினால் எடையைப் பக்கவாட்டுக்கு மாற்றுகிறார். ஓரிடத்தில் உறுத்தினால் லேசாக நொண்டுகிறார். உணர்விழந்தவர் முதல் அடியை எப்படி வைத்தாரோ அப்படியே கடைசி அடியையும் வைக்கிறார். ஒவ்வொரு அடியும் சாதாரண அழுத்தம்தான். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும்போது அது புண்ணாகிறது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது வேலூரில் பார்த்த அதே புண்களைக் கண்டார். தொழுநோயாளிகளுக்காக இங்கே பழகிய எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு, இன்று சர்க்கரை நோயாளிகளின் செருப்பாகவும் இருக்கிறது.

இப்போது கிரிவலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் அடிக்கு எழுபது சென்டிமீட்டர் என்று வைத்தால், 14 கிலோமீட்டருக்கு இருபதாயிரம் அடி. ஒவ்வொரு காலுக்கும் பத்தாயிரம். இந்திர லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கம் வரை அதே மேடு, அதே அழுத்தம். பகலாக இருந்தால் தார்ச்சாலையின் சூடும் சேர்கிறது. சுடுகிறது என்று சொல்லக் காலுக்குத் தெரிந்தவர் ஓரமாக மண்ணில் இறங்கி நடப்பார், நிழலைத் தேடுவார். எங்கள் தமிழாசிரியர் சாலையின் நடுவிலேயே நடந்திருக்கிறார். “இந்தத் தடவை ரொம்ப சுலபமா இருந்துச்சு சார், கால் சுடவே இல்ல” என்று மறுநாள் ஓய்வறையில் பெருமையாகச் சொன்னதை நானும் கேட்டேன். அறிவியல் ஆசிரியனான எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கிரிவலம் போகாதீர்கள் என்று எழுத எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. நடப்பது சர்க்கரைக்கு நல்லதுதான். ஆனால் பாதத்தில் உணர்வு குறைந்தவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. மெத்தென்ற செருப்போடு, வெயில் தாழ்ந்த பிறகு நடக்கலாம். லிங்கங்களின் வாசலில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம். பாதத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் அது ஆறும்வரை நடையே வேண்டாம். வண்டியில் மலையைச் சுற்றி வருபவர்களையும் நாம் தினமும் பார்க்கிறோமே. இன்னொன்று, விரதம். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் மூன்று நான்கு மணி நேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் படபடப்பும் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டு உட்கார வேண்டும். சுயநினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108-ஐ அழைக்க வேண்டும்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஓய்வறையில் டீ வரும்போது ‘எனக்குச் சர்க்கரை போடாம’ என்று எத்தனை குரல் கேட்கிறது என்று எண்ணினால் நம் பள்ளிக் கணக்கும் தெரிந்துவிடும். நாமோ நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள். நம்மில் பலர் சர்க்கரை அளவைப் பார்க்கிறோம், காலைப் பார்ப்பதில்லை. கண்ணும் சிறுநீரகமும் இதே கதைதான்: விழித்திரையில் ரத்தம் கசியும்வரை பார்வை நன்றாகவே இருக்கும், சிறுநீரில் புரதம் போகத் தொடங்கினாலும் உடலுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு மாரடைப்பில்கூட நெஞ்சு வலிப்பதில்லை. மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை, பாதப் பரிசோதனை ஆகிய மூன்றையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

பாதப் பரிசோதனைக்கு மருத்துவர் ஒரு நைலான் இழையையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் வைத்திருப்பார். அதிரும் கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். நம் ஆய்வகத்தில் ஒலி பாடத்துக்கு எடுக்கும் அதே கவைதான், அதிர்வெண் மட்டும் குறைவு. எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யும் சோதனையும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கியது. சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரு கால்களிலும், நம் சுட்டுவிரலால் ஓரிரு நொடி இறகு படுவதுபோலத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்வார். ஒரு விரலை ஒருமுறைதான் தொட வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் போக வேண்டும்.

இதோடு வழக்கமாக வீட்டில் நடக்கும் சில தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு முக்குவது நம் வழக்கம். உணர்வில்லாத கால் அதில் வெந்துபோகும். காய்ப்பையும் ஆணியையும் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். புதுச் செருப்பை மாலையில் வாங்குவது நல்லது, அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். இரவில் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் அடிப்பாதம் முழுக்கத் தெரியும். பாதம் திடீரென்று வீங்கிச் சூடாக, சிவப்பாக இருந்து, வலி மட்டும் இல்லை என்றால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்ற ஆண்டு நரம்பு மண்டலப் பாடம் முடிந்ததும் இந்தத் தொடு சோதனையைப் பத்தாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். முதலில் வகுப்பிலேயே இருவர் இருவராகப் பழகினார்கள். ஒரே சிரிப்பு. கிச்சுகிச்சு தாங்காமல் ஒரு பையன் பெஞ்சிலிருந்தே விழுந்துவிட்டான். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு, அவர் சம்மதத்தோடு, செய்து வரச் சொன்னேன். மருத்துவம் பார்க்கக் கூடாது, மிரட்டக் கூடாது, ஆறில் எத்தனை என்று மட்டும் குறித்து வர வேண்டும் என்பது நிபந்தனை.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்பே ஒரு மாணவி வந்து நின்றாள். “சார், எங்க ஆயாவுக்கு ஆறுல நாலு தெரியல. நான் தொடவே இல்லன்னு சொல்லி என்னையே திட்டுறாங்க. கால்ல ஒரு முள்ளு வேற இருந்துச்சு சார், அதுவும் அவங்களுக்குத் தெரியல.” ஆயா களையெடுக்கப் போகிறவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. காலை இதுவரை யாரும் பார்த்ததில்லை, அவரும் காட்டியதில்லை. அந்த வாரமே அம்மா அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். முள் எடுத்த இடத்தைச் சுத்தம் செய்து, காலைத் தினமும் பார்க்கச் சொல்லி, எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேத்திதான் தினமும் பார்க்கிறாள். கழனிக்குள் செருப்புப் போட ஆயா ஒப்புக்கொள்ளவில்லையாம். வரப்பு வரைக்கும் போடுகிறாராம். அதற்கு மேல் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.