வெள்ளி நள்ளிரவு, மலேசியாவின் மெர்சிங் படகுத்துறை!

ஊர் உறங்கிய பிறகுதான் இங்கே களைகட்டும். சிங்கப்பூர்ப் பேருந்தின் கதவு திறக்கிறது. அலுவலகம் முடிந்த கையோடு கிளம்பி வந்த இளவட்டங்கள் பையும் துடுப்புமாகக் குதிக்கிறார்கள். டாயாங் தீவுக்கு நாலைந்து மணி நேரப் படகு. விடிந்தால் முக்குளிப்பு வகுப்பு!

பெயர்ப் பட்டியலோடு அங்குமிங்கும் ஓடுகிறாரே, அவரைப் பாருங்கள். அவர்தான் நம் நாயகர், ஃப்ரீலான்ஸ் ஸ்கூபா பயிற்றுநர். மாதச் சம்பளம் கிடையாது. ஆள் சேர்ந்தால் அழைப்பு வரும், அழைப்பு வந்தால் காசு.

காலையில் படகின் மேல்தட்டுக்கு வாருங்கள். கிட்டத்தட்ட 14 கிலோ எடையுள்ள டேங்குகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் காற்றை மோந்து பார்க்கிறார். பிறகு அழுத்த மீட்டரில் கண்ணை வைத்தபடி நாலு மூச்சு இழுக்கிறார். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இத்தனையும் முடிந்துவிடுகிறது!

முதல் பாடம், மூச்சை அடக்காதே! கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கி இறங்கினார்கள். இங்கே அதற்கு நேர்மாறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

அடுத்தது சைகை. மீன் கூட்டத்தைக் கண்ட குஷியில் மாணவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நீருக்கடியில் அதற்குப் பொருள் ‘மேலே போகலாம்’! பாவம், பயிற்றுநர் ஒவ்வொரு முறையும் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு ‘என்ன ஆச்சு?’ என்று விசாரித்தாக வேண்டும். பேச முடியாத இடத்தில் அவர் படிப்பது மாணவரின் கண்களை. பயத்தில் கண் அகலமாக விரிந்ததும் அவர் கை மாணவரின் தோளில் இருக்கும்.

இனி இந்தத் தொழிலின் மேடு பள்ளம். சாதாரணச் சளி பிடித்தால் போதும், காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. இறங்க முடியாது, வருமானமும் இல்லை. காப்பீடு, ஆண்டு உறுப்பினர் கட்டணம், ரெகுலேட்டர் எனும் மூச்சுக்கருவியின் சர்வீஸ் எல்லாம் சொந்தக் காசு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். தீபாவளிச் செலவு வாசலில் நிற்கிற நேரம் பார்த்துச் சீசன் முடிகிறது! சிலர் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்கு மூட்டை கட்டுகிறார்கள். தேசியப் பூங்காவான அந்தத் தீவுகள் அதற்கேற்ப அக்டோபர் நடுவில்தான் திறக்கும்.

அப்படியும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்? முந்தின நாள் முகத்தை நனைக்கவே பயந்த பெண், இன்று கடல் தரையில் மண்டியிட்டு மாஸ்க்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி நீரை வெளியேற்றுகிறார். கண்ணைத் திறந்தால் எதிரே பயிற்றுநர் இரண்டு கையாலும் ‘ஓகே’ காட்டிக் குதூகலிக்கிறார்! அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை தூக்கம் கெட்ட வெள்ளிகளும்.

நீங்களும் கிளம்புகிறீர்களா? ஓப்பன் வாட்டர் எனும் தொடக்க வகுப்பில் 18 மீட்டர் வரை இறங்கலாம். ‘பாடி’ (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிப்படி கடலில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் வரை இருக்கலாம். அதைவிடச் சின்னக் குழுவாகத் தேடுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். பயமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயிற்றுநருக்கு மிகவும் பிடித்த மாணவர் நீங்கள்தான்!