அடுப்புப் புகைக்கு உடல் சொல்லும் சாட்சி

2022 எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நகரங்களில்கூடப் பல குடும்பங்கள் விறகடுப்புக்குத் திரும்பின. கிராமங்களில் இன்றும் பல வீடுகளில் விறகுதான். அந்தப் புகை எமது தாய்மாரின் உடலுக்குள் எவ்வளவு செல்கிறது என்பதை அளக்க முடியுமா? முடியும். விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற வகையில் அதனை எளிமையாக விளக்க விரும்புகிறேன்.

விறகு, டீசல், புகையிலை போன்றவை முழுமையாக எரியாதபோது பல்சக்கர அரோமற்றிக் ஐதரோகாபன்கள் உருவாகின்றன. பல பென்சீன் வளையங்கள் இணைந்த சேர்வைகள் இவை. இவற்றுள் ஒன்றான பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் என்பது உறுதிப்படுத்தப்பட்ட உண்மை.

இச்சேர்வைகள் நீரில் கரைவது மிகக் குறைவு. ஆகவே ஈரல் இவற்றுடன் ஒட்சிசனைச் சேர்த்து, கரையக்கூடியவையாக மாற்றி வெளியேற்றுகிறது. இம்மாற்றத்தின் இடையில் தோன்றும் சில பொருட்கள்தான் டீ.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு ஆபத்தை விளைவிக்கின்றன.

ஆய்வாளர்கள் சிறுநீரில் பெரும்பாலும் தேடுவது, அதே புகையிலுள்ள பைரீனின் விளைபொருளை. பைரீனின் மூலக்கூற்றுத் திணிவு 202. ஓர் ஒட்சிசன் அணு சேர்ந்ததும் அது 1-ஐதரொட்சிபைரீன் ஆகிறது, திணிவு 218.

இதனைக் கண்டறியும் கருவியே திணிவுத் திருசியமானி. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, அந்த அயன்களைத் திணிவின்படி அது பிரிக்கிறது. ஐதரசன் அயன் ஒன்றை இழந்த 1-ஐதரொட்சிபைரீன் 217 இல் தென்படும். அதை உடைத்தால் காபனோரொட்சைட்டு நீங்கி 189 கிடைக்கும். இவ்விரு எண்களும் சேர்ந்தே அடையாளமாகின்றன.

ஆனால் எண் மட்டும் போதாது. நப்தலீனிலிருந்து வரும் 1-நப்தோல், 2-நப்தோல் இரண்டினதும் திணிவு 144 தான். எனவே மாதிரியை முதலில் பிரிப்புக் குழாயொன்றினூடாகச் செலுத்தி, அவற்றை வெவ்வேறு நேரங்களில் வெளிவரச் செய்வர். அதன் பின்னரும் ஒரு கேள்வி மிஞ்சும்: 1-நப்தோல், காபரில் என்ற பூச்சிகொல்லியிலிருந்தும் வரலாம். சிகரெட்டும் தணலில் சுட்ட இறைச்சியும் 1-ஐதரொட்சிபைரீனின் அளவை உயர்த்தும். ஆகவே கருவியிடம் கேட்பதுடன் மனிதரிடமும் கேட்க வேண்டும்.

இது புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. அண்மைய ஓரிரு நாட்களில் உடலுக்குள் சென்றதையே காட்டும். எனினும் புகைபோக்கி பொருத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்தால், அதனால் பயன் உண்டா என்பதை அறியலாம்.

வளி மாசு என்றதும் வீதியைப் பற்றியே பேசுகிறோம். அடுப்படியில் தினமும் பல மணிநேரம் நிற்பவரின் மூச்சும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அளக்கும் வழி இருக்கும்போது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயமல்ல.