பாலம் நிற்கும், கோப்பு திறக்குமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கணினியில் லினக்ஸ் போட நினைக்கும் பொறியாளர்கள் முதலில் கேட்பது, "நம்ம சாஃப்ட்வேர் அதுல ஓடுமா?" என்பதுதான்.

சிலது நன்றாகவே ஓடும். 1993-ல் தொடங்கி, 2008-ல்தான் 1.0 பதிப்பை எட்டிய 'ஒயின்', விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கிறது. அது உருவாக்கும் மறைவான ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒரு 'சி டிரைவ்', அதற்குள் 'புரோகிராம் ஃபைல்ஸ்'. நிரல் தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே நம்பும். மின்சுற்றுகளைச் சோதிக்கும் எல்டிஸ்பைஸ் பல ஆண்டுகளாக இப்படித்தான் லினக்ஸில் ஓடுகிறது.

தடுமாறுவது டாங்கிளில். உரிமம் பூட்டிய அந்த யூஎஸ்பி குச்சிக்கு விண்டோஸின் அடியாழத்தில் இயங்கும் டிரைவர் வேண்டும். ஒயின் பெரும்பாலும் அவ்வளவு ஆழம் போவதில்லை. லினக்ஸுக்குள்ளேயே முழு விண்டோஸை ஓடவிடும் விர்ச்சுவல் மெஷின் வைத்தால் குச்சி வேலை செய்யலாம். ஆனால் உள்ளே மறுபடியும் விண்டோஸ் உரிமம் வேண்டும். விண்டோஸ் கணினியே வாங்கிவிடலாமே என்பார்கள். இன்றைய வேலைக்கு அது சரிதான்.

என் கவலை நாளைய வேலையைப் பற்றியது. நூறாண்டு நிற்கவேண்டிய பாலத்தின் வரைபடம், ஆண்டுச் சந்தாவில் ஓடும் மென்பொருளுக்குள் கிடக்கிறது. இப்படிப்பட்ட வரைபடங்களைச் சேமிக்கும் டிடபிள்யூஜி கோப்பின் உள்ளமைப்பை அதை உருவாக்கியவர்கள் முழுமையாக வெளியிட்டதில்லை. மற்றவர்கள் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் வேறு மென்பொருளில் திறந்தால் கோடுகள் வந்துவிடும், எழுத்துரு வராமல் போகலாம். கம்பியின் விட்டக் குறி இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். கம்பி கட்டுகிறவர் அதை வைத்து என்ன செய்வார்?

ஒயினை நான் பெரிதாக மதிப்பதும் இதனால்தான். விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்களை இன்றைய 64-பிட் விண்டோஸ் ஏற்காது. ஒயினில் அவற்றில் பல இன்னும் திறக்கின்றன. உரிமச் செலவு மிச்சமாவதைவிட, பழைய வரைபடத்தை அது பிறந்த மென்பொருளிலேயே பார்க்க முடிவதுதான் பெரிய லாபம்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் ஒயின் தலையில் ஏற்ற முடியாது. வேலை முடித்து வரைபடம் ஒப்படைக்கும்போதே, உள்ளமைப்பு வெளியிடப்பட்ட வடிவங்களில், அதாவது டிஎக்ஸ்எஃப், முப்பரிமாணம் என்றால் ஸ்டெப், கூடவே ஒரு பிடிஎஃப் என்று கேட்டு வாங்கவேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.