வெள்ளியும் ஒளியும் – 9: இருட்டறையின் வரவு செலவு

1888-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தமது கோடக் காமிராவை, நூறு படங்களுக்கு வேண்டிய சுருளை உள்ளே பூட்டியே, 25 டாலருக்கு விற்றார் என்றும், சுருள் முடிந்ததும் காமிராவையே ராச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பி 10 டாலர் செலுத்தினால், அச்சிட்ட படங்களோடு புதுச் சுருள் பூட்டிய காமிராவும் திரும்பி வரும் என்றும் சென்ற வாரம் கண்டோம். படம் பிடிப்பவர் ஒருவர், கழுவுபவர் வேறொருவர் என்ற அந்தப் பிரிவினை உலகெங்கும் வேரூன்றிவிட்டபடியால், வீட்டில் ஃபிலிம் கழுவுவது ஏராளமான பணத்தையும் அபூர்வமான வித்தையையும் வேண்டி நிற்கும் காரியம் என்ற பயம் இன்றைக்கும் நம்மவரிடம் நிலைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு ஆதாரம் சொற்பமே.

பல தலைமுறைகளாக வழங்கிவரும் டி-76 என்னும் டெவலப்பர், ஒரு லிட்டர் தண்ணீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம் கரைந்த திரவம்தான். இதில் இரகசியம் ஒன்றுமில்லை. சம அளவு தண்ணீர் கலந்து உபயோகித்தால், அந்த ஒரு லிட்டரில் 35 மி.மீ. சுருள்கள் ஆறு கழுவலாம். 1891-லேயே அறிமுகமாகி இன்றும் புழக்கத்திலிருக்கும் ரோடினாலையோ ஐம்பது மடங்கு தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யலாமாகையால், ஒரு சுருளுக்கு ஆறு மில்லி செலவாகும். ஆகவே, டெவலப்பரில் மிச்சம் பிடிக்க எண்ணி, ஒருமுறை உபயோகித்த கரைசலை மறுநாளைக்கு எடுத்துவைப்பது, அற்ப லாபத்துக்காக விலையுயர்ந்த முப்பத்தாறு படங்களைப் பணயம் வைப்பதாகும்.

செலவு முழுவதும் சுருளில் இருக்கிறது. சுருளின் விலையோ வெள்ளியோடு பிணைந்தது. 1980 ஜனவரியில், டெக்ஸாஸைச் சேர்ந்த ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததனால் அதன் விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, ஃபிலிம் விலையும் உடன் ஏறியது. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் சுருள் தந்த காலம் போய்விட்டது; அதன் மறைவை நம் நாட்டுக்கு நேர்ந்த பெருநஷ்டமென்றே நான் கருதுகிறேன். இன்று வெளிநாட்டுச் சரக்கை நம்பியிருப்பவருக்குள்ள ஒரே உபாயம், 100 அடி நீளச் சுருளாக மொத்தமாக வாங்கி, இருட்டில் தாமே வெட்டிக் குப்பியில் சுற்றிக்கொள்வது. அதிலிருந்து முப்பத்தாறு படச் சுருள்கள் சுமார் பதினெட்டு கிடைக்கும்.

இனி, தண்ணீர். டெவலப்பருக்கு விதிக்கப்பட்ட உஷ்ணம் 20 டிகிரி. சித்திரை மாதத்துச் சென்னையில் குழாய்த் தண்ணீர் அதற்கு வெகு மேலே நிற்பதால், பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைப்பது அவசியம். 24 டிகிரிக்குக் குறைக்க முடிந்தாலும் போதும்: 20 டிகிரியில் பத்து நிமிஷம் பிடிக்கும் வேலையை ஏறக்குறைய ஏழு நிமிஷத்தில் முடித்துக்கொள்ளலாம். கடைசியில் அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டாங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டி, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மீண்டும் நிரப்பி இருபது முறை என்று செய்யும் இல்ஃபோர்டாரின் முறை, தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களுக்குப் பெரிய உபகாரம்.

சிக்கனத்துக்கு உண்மையில் இடங்கொடுப்பது, டெவலப்பருக்குப் பின் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ. ஒரே கரைசலைப் பல சுருள்களுக்குப் பயன்படுத்தலாம். ஃபிலிமின் நுனித் துண்டை அதில் போட்டுப் பார்த்து, அது தெளிவதற்குப் புதுக் கரைசலில் ஆனதைப்போல இரண்டு மடங்கு நேரமானால், அதன் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம். ஆயினும், ஒளிபடாத பகுதிகளின் வெள்ளியெல்லாம் கரைந்து தங்குவது அதில்தான் என்பதால், அதைச் சாக்கடையில் கொட்டுவது நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு. இரும்புக் கம்பிப் பஞ்சைச் சில நாள் அதில் ஊறவைத்தால், இரும்பு கரைந்து வெள்ளி கசடாக அடியில் படியும். அந்தக் கசடைச் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

(தொடரும்)