புகை போகும் வழியில் ஒரு புதிர்

திருவரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைத் தோட்டங்களின் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் 'டுப், டுப்' என்று புகை விடும். ஒவ்வொரு 'டுப்'பும் சிலிண்டரிலிருந்து பாயும் ஓர் அழுத்த அலை. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகை வெளியேறும். நிமிடத்துக்கு 650 சுற்று என்றால் 325 'டுப்'கள்!

ஒற்றைச் சிலிண்டருக்கு ஒரு குழாய் போதும். கடலில் செல்லும் படகில் ஆறு சிலிண்டர்கள் இருந்தால்? அத்தனை புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் கிளைக்குழாயைப் பட்டறைகளில் 'மேனிபோல்டு' என்பார்கள். புதிர் அதற்குள்தான் இருக்கிறது.

இரண்டு சுற்று என்பது 720 பாகை. ஆறு சிலிண்டர்கள் என்பதால் 120 பாகைக்கு ஒருமுறை ஒரு வால்வு திறக்கும். ஆனால் திறந்த வால்வு மூடச் சுமார் 240 பாகை ஆகும். ஆகவே முதல் சிலிண்டர் கடைசிப் புகையை மெதுவாகத் தள்ளும்போதே அடுத்தது வேகமாகப் பாய்கிறது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், குறுகிய வழியில் பக்கவாசல் கூட்டம் திடீரென நுழைந்தால் முன்னே போகிறவர்கள் என்ன ஆவார்கள்? அதே கதிதான் இங்கும்! பழைய புகை சிலிண்டரில் தங்கும். புதுக் காற்று குறையும். டீசல் சரியாக எரியாது, சக்தி குறையும், கரும்புகை வரும், சூடு ஏறும்.

தீர்வு எளியது. இவ்வகை எஞ்சின்கள் பல 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிகின்றன. 1, 2, 3 சிலிண்டர்களுக்கு ஒரு குழாய். 4, 5, 6க்கு இன்னொன்று. இப்போது ஒவ்வொரு குழாயிலும் 240 பாகைக்கு ஒரு புகைதான் வரும். வரிசையை எழுதி நீங்களே சரிபாருங்கள்!

புகையிலும் சக்தி உண்டு. அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. 1920களில் இம்முறையால் இரு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் எஞ்சின் ஒவ்வொன்றும் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்கு உயர்ந்தது.

இதற்குத் திருச்சியிலும் ஒரு தொடர்பு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1920களில் பொன்மலைக்கு மாறியது. பிற்காலத்தில் அங்கே பழுது பார்க்கப்பட்ட டீசல் ரயில் எஞ்சின்களில் 'ஆல்கோ 251' என்ற வகை இருந்தது. அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கப்பல்களை ஓட்டியதும் அதே குடும்பத்து எஞ்சின்தான்!

ஆனால் படகுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. காய்ச்சிய இரும்பைப் போன்ற மேனிபோல்டு எஞ்சின் அறையில் தீ மூட்டலாம். எனவே பல படகுகளில் அதைச் சுற்றி நீருறை வைப்பார்கள். பிறகு அந்த நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றுவார்கள். குழாய் முதலில் கடல்மட்டத்துக்கு மேலே ஏறி, அப்புறம்தான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நின்றவுடன் அலைநீர் சிலிண்டருக்குள் புகும். உப்பு நீர் உறையை அரித்து ஓட்டை போட்டாலும் இதே விபத்துதான். காற்றைப்போல நீரை அழுத்த முடியாது. மறுமுறை எஞ்சினைக் கிளப்பினால் உள்ளிருக்கும் தண்டே வளைந்துவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் மீனவர் நிலை என்ன?

ஒரு சோதனை செய்வோமா? பத்து முறை குதித்துவிட்டு, குளிர்பானக் குழல் வழியாக மட்டும் ஒரே ஒரு முறை மூச்சை விட்டுப் பாருங்கள். முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சுக்குத் தவிப்பீர்கள். நெருக்கமான மேனிபோல்டு மாட்டிய எஞ்சினின் தவிப்பும் அதுதான்!