உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையின் முதல் மூன்று அட்டை

◆ மூவார் சுகாதார கிளினிக்கில் மலாயில் ‘பில் பெரஞ்சாங்’ என்றால் தாதி மிஸ்ஸிக்குச் சட்டென்று புரியும். கருத்தடை மாத்திரை என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லத்தான் நம் பெண்களுக்குக் கூச்சம். மலேசியாவின் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் 1966-லேயே அமைந்துவிட்டது. ஆனாலும் முதல் அட்டை முடியுமுன்பே பயந்து நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்த வாரத் துணுக்குகள்.

◆ குமட்டல், மார்பு கனத்து வலிப்பது, லேசான தலைவலி, இடையிடையே சொட்டுச் சொட்டாகக் கறை படுவது: தொடக்கத்தில் இவை சகஜம். புது ஹார்மோனுக்கு உடம்பு பழக 2, 3 மாதம் பிடிக்கும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். கறை படுகிறதே என்று நடுவில் விட்டுவிட்டுப் போட்டால் கறை கூடும், கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. மூன்று அட்டை முடிந்தும் தொல்லை தீரவில்லையா? வேறு ரகம் கேளுங்கள். மாற்றித் தருவார்கள்.

◆ 1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம்தான் இந்த மாத்திரையை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 விழுக்காட்டுப் பெண்கள் தலைசுற்றல், குமட்டல், தலைவலி, வாந்தியால் அவதிப்பட்டதாக அறிக்கை எழுதினார். ஆய்வை நடத்திய கிரெகரி பிங்கஸ், அதில் பெரும்பகுதி மனம் செய்கிற வேலை என்று தள்ளிவிட்டார். 1960-ல் அமெரிக்கா அனுமதித்த எனோவிட் மாத்திரை ஒவ்வொன்றிலும் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 வரைதான். பாட்டி காலத்து அனுபவத்தை வைத்து இன்றைய மாத்திரையை எடைபோட வேண்டாம் என்பது அதனால்தான்.

1970-ல் அமெரிக்க செனட் சபை மாத்திரையின் ஆபத்துகளை விசாரித்தபோது, அதைச் சாப்பிட்ட பெண்களைச் சாட்சி சொல்ல அழைக்கவே இல்லை. பெண்கள் அவையிலேயே எழுந்து நின்று குரல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மாத்திரையோடு பக்க விளைவுகளைச் சொல்லும் தாளும் வரத் தொடங்கியது. பெட்டிக்குள் மடித்திருக்கும் அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். பெண்கள் கேட்டு வாங்கிய தாள் அது.

◆ “தீட்டு குறைஞ்சு போச்சே, கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமா?” நான் அதிகம் கேட்ட கேள்வி இது. தங்காது. மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பப்பையின் உள்படலம் மெலிந்தே இருக்கும். உதிர்வதற்கு அங்கே அதிகம் இல்லை. 21 மாத்திரைக்குப் பின் வரும் 7 நாள் இடைவெளியில் படுவதும் வழக்கமான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வருகிற கசிவு.

◆ உடம்பு பெருக்குமா? ஈஸ்ட்ரோஜன் கலந்த ‘கலப்பு மாத்திரை’யால் எடை பெரிதாகக் கூடும் என்று இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டவர்களில் சிலருக்கு எடை கூடுவது உண்மை. ஊசியின் பழி மாத்திரை மேல் விழுகிறது.

◆ கன்னத்தில் மங்கு படர்வது சிலருக்கு உண்டு. வெயில் அதை இன்னும் கருக்க வைக்கும்.

◆ காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று மனம் சோர்ந்தால் “எல்லாம் உன் நினைப்பு” என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். 2016-ல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு, ஹார்மோன் கருத்தடைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. இளவயதுப் பெண்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது.

◆ இது மட்டும் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிற விஷயமே அல்ல: ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ரத்தக்கட்டு. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 பேருக்கு வரும். கலப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 5 முதல் 12 பேர். கர்ப்ப காலத்தில் இதைவிடவும் அதிகம். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, என்றும் இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்குவது, நாக்குக் குழறுவது: எது வந்தாலும் மூவார் சுல்தானா ஃபாத்திமா மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். பக்கத்தில் மாமியார் நிற்கிறாரே என்று மறைக்காதீர்கள், தாயே.

◆ 35 வயதைத் தாண்டிப் புகைக்கிறவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் ஒளிக்கீற்று மின்னி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாத பாலூட்டும் தாய்மார்கள்: இவர்களுக்குக் கலப்பு மாத்திரை ஆகாது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரையும் வேறு வழிகளும் இருக்கின்றன. அழுத்தம் பார்க்காமல் அட்டை வாங்காதீர்கள்.

◆ மூவார் பர்னிச்சர் ஆலைகளில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒன்று: கைப்பேசியில் தினமும் ஒரே நேரத்துக்கு அலாரம் வையுங்கள். கலப்பு மாத்திரையில் ஒரு நாள் விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். இரண்டு, அதற்கு மேல் விட்டால் அடுத்த 7 நாள் ஆணுறையும் வேண்டும். போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

◆ காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

◆ பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கும்போது தீட்டைத் தள்ளிப்போடப் போடுகிறோமே, அந்த நாரெத்திஸ்டரோன் மாத்திரை கருத்தடைக்கு உதவாது. அதை நம்பி இருந்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

◆ “பின்னால குழந்தையே தங்காதோ?” தங்கும். நிறுத்திய முதல் மாதமே கருத்தரிக்கிறவர்கள் உண்டு. அதனால் பிள்ளை இப்போது வேண்டாம் என்றால், கடைசி மாத்திரை தீருமுன்பே அடுத்த அட்டை கையில் இருக்கட்டும்.