பனிமலை கடந்த விருந்தினர்

தண்பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையில் பனிமலை இல்லை. மேற்கே ஓங்கி நிற்கும் பொதியத்தின் உச்சியில் மேகம் தவழும், மழை பொழியும், பனி உறைந்து கிடப்பதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் மார்கழி, தைத் திங்களில், இமயப் பனிமலைக்கு அப்பாலிருந்து விருந்தினர் சிலர் இந்நாட்டிற்கு வந்து இறங்குகின்றனர். நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்தின் கரையில் விடியற்காலையில் நிற்பவர் அவர்களைக் காணலாம். சாம்பல் நிற உடல், மஞ்சள் அலகு, வெண்மையான தலை, அத்தலையின் பின்புறம் கரிய கோடுகள் இரண்டு. இக்கோடுகளால் அமைந்த பெயரே வரித்தலை வாத்து என்பது.

இப்பறவையின் பிறந்தகம் திபெத்து மேட்டுநிலமும் மங்கோலியாவும் ஆகும். நம் நாட்டு இலடாக்கில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலுள்ள சோ மோரிரி ஏரிக்கரையிலும் இது கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குளிர்காலம் வந்ததும் ஏரி இறுகிப் பனிக்கட்டியாகும். புல் பனியில் மறையும். மேய்ந்து உயிர்வாழும் பறவை அங்கே எவ்வாறு தங்கும்? தெற்கு நோக்கிப் புறப்படுகிறது.

அது பனிக்கு அஞ்சி நீங்கும் காலத்தில், பனியை நாடி மலைக்குச் செல்லும் மக்களும் உளர். காசுமீரத்துக் குல்மார்க்கில் அவர்கள் பனியூர்தி ஏறி உலவுகின்றனர். அவ்வூர்திக்கு முன்னே சறுக்குக்கட்டைகள் இரண்டு. பின்னே சுழன்று தள்ளும் பட்டை. உள்ளே பெட்ரோலால் இயங்கும் பொறி. மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால் பொறியின் வலிமை குன்றும். எரிபொருள் எரிவதற்கும் உயிர்வளி வேண்டுமன்றோ? அப்படியாயின், இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு பறவை அம்மலைகளைச் சிறகடித்தே கடப்பது எவ்வாறு?

பறவைகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி அறிஞர் ஆராய்ந்தனர். அவ்வாய்வில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தமை பதிவாயிற்று. அவ்வுயரத்தில் உயிர்வளி கடற்கரையில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. இவ்வாத்தின் குருதியிலுள்ள செம்பொருள் உயிர்வளியை விரைந்து பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நுரையீரலும், அதன் இனத்துப் பிற வாத்துகளை நோக்கப் பெரியது. உடலமைப்போடு பறக்கும் முறையும் அதற்கு உதவுகிறது. எப்போதும் உயரத்திலேயே பறவாமல், பள்ளத்தாக்கில் தாழ்ந்தும் மலைமுகட்டில் எழுந்தும், நிலத்தின் வடிவைத் தழுவியே செல்கிறது. இழந்த உயரத்தை மீண்டும் ஏறிப் பெறுவது வீண் உழைப்பாகத் தோன்றலாம். மெல்லிய காற்றில் நெடுநேரம் சிறகடிப்பதைவிட அதுவே எளிது என்பது 2015இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. குளிர்ந்து செறிந்த காற்றுள்ள இரவையும் வைகறையையுமே பெரும்பாலும் அது பயணத்திற்குத் தேர்ந்தெடுக்கிறது.

குமரித் துறையில் இரைதேர்ந்து வடமலைக்கு மீளும் அன்னத்தை விளித்து, பிசிராந்தையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. அந்த அன்னம் மீன் அருந்தியது என்பார் புலவர். வரித்தலை வாத்தோ புல்லும் தானியமும் மேய்வது. ஆதலின் இரண்டும் ஒன்றே எனத் துணிதல் பொருந்தாது. எனினும் தெற்கே வந்து வடமலைக்குத் திரும்பும் பறவைகளைப் பாண்டிநாட்டார் அன்றே உற்று நோக்கியிருந்தனர் என்பது தெளிவு.

கூந்தன்குளம் 1994இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் உலகப் புகழ்பெற்ற இராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் அரசாணைக்கு நெடுங்காலம் முன்னரே ஊரார் பறவைகளைக் காத்து வந்தனர். தீபாவளியன்றும் அவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. சங்குவளை நாரைகள் தெருவோரத்து மரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள் அதனையே வயலுக்கு எருவாக்குகின்றனர். இரவில் வயலிறங்கி மேயும் வாத்துகளையும் விருந்தாகக் கருதுவது உழவருக்கு எளிதன்று. அதனினும் அரிய பண்பு வேறு யாது?

ஊராரின் அன்பு மட்டும் போதாது. குளத்தில் நீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழையும், பொருநையின் கிளையாறாகிய மணிமுத்தாற்று அணையிலிருந்து கால்வாய் வழி வரும் நீருமே இக்குளத்திற்கு ஆதாரம். மழை பொய்த்துக் கால்வாயும் வறண்ட ஆண்டில் குளம் வெடித்த சேறாகும். ஆயிரக்கணக்கான கல் பறந்து வந்த வாத்துகள் அங்குத் தங்குவதில்லை; வேறு நீர்நிலையைத் தேடிச் செல்லும். கூடு கட்டிய நாரைகளின் நிலையோ இன்னும் கொடிது. குஞ்சுகள் சிறகு முற்றுவதற்குள் நீர் வற்றினால், தாய்ப்பறவைகள் இரைக்கு எங்கே செல்லும்?

2011 முதல் பொருநை நாட்டுக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. தைத் திங்களையொட்டித் தன்னார்வலர் குழுக்களாகப் பிரிந்து, குளம் குளமாகச் சென்று எண்ணிக் குறிக்கின்றனர். மாணவரும் அவருள் உளர். தொலைநோக்கியும் குறிப்பேடும் ஏந்தி, வாத்துக் கூட்டம் கலைந்து எழாதபடி கரையின் மறைவில் நின்று, தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவர். ஒரு கூட்டம் எழுந்து அடுத்த குளத்தில் இறங்கிவிட்டால் கணக்குத் தவறிவிடும். அங்கு எண்ணுவோர்க்கும் செய்தி சொல்லியாக வேண்டும்.

பங்குனியில் வெயில் ஏறும். வாத்துகள் வடக்கே திரும்பும். வரும்போது இறங்கிய மலையை இப்போது ஏறிக் கடக்க வேண்டும். அவ்வேற்றத்திற்கு அவை எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 8 மணியே.